கறுப்புக்கும் வெள்ளைக்கும் இடையே

கறுப்பு வெள்ளைப் படம் என்று நாம் வழங்கும் பெயர் பொருத்தமான பெயரன்று. அவ்வகைப் படங்களுள் நல்லதொன்றை எடுத்து வைத்துக்கொண்டு, முழுக் கறுப்பு எங்கே, முழு வெள்ளை எங்கே என்று தேடிப் பாருங்கள். கண்மணியின் நடுவிலே ஒரு பொட்டுக் கறுப்பு இருக்கலாம். விளக்குச் சுடரிலே ஒரு துளி வெள்ளை இருக்கலாம். எஞ்சிய அனைத்தும் சாம்பல். கரியை அடுத்த சாம்பல், ஈயச் சாம்பல், புறாவின் கழுத்துச் சாம்பல், மழைக்கு முந்திய வானத்துச் சாம்பல் என்று அது பலவாக விரியும். முகத்தின் வளைவும் துணியின் மடிப்பும் கல்லின் சொரசொரப்பும் இந்த இடைநிலங்களிலேதான் இருக்கின்றன.

இலங்கையிலே இந்த இடைநிலங்களின் அருமையை அறிந்து ஆண்டவர் லயனல் வென்ட். 1900இல் பிறந்து, சட்டம் பயின்று, பியானோ இசையிலே தேர்ந்து, பின்னர் நிழற்படக் கலையிலே தம்மை முழுமையாக ஈடுபடுத்தி, 1944இலே மறைந்தார். அவர் மறைந்தபின் அவருடைய நெகட்டிவ்கள் அழிக்கப்பட்டுவிட்டன. அவர் கையால் இட்ட அச்சுப் படங்களும், 1950இலே இலண்டனில் வெளிவந்த தொகுதியுமே நமக்கு எஞ்சின. மூலம் போனபின் படியே மூலமாகிவிடுகிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. படியிலே எத்தனை சாம்பல் தங்கியதோ அத்தனை சாம்பல்தான் இனி உலகுக்கு.

ஏட்டுச் சுவடிகளைப் படியெடுத்துக் காத்த மரபிலே வந்தவர்கள் நாம். ஆதலால் இது கமராக்காரரின் கவலை மட்டும் அன்று, தமிழாசிரியனின் கவலையுமாகும். இன்று நம் படிகள் எழுத்தாணியால் ஆவதில்லை. இலக்கமுறைக் கமராவினாலும் வருடியினாலும் ஆகின்றன. அவை ஒளியை எண்ணாக்குகின்றன. படத்தை நுண்ணிய கட்டங்களாக வகுத்து, ஒவ்வொரு கட்டத்துக்கும் விழுந்த ஒளிக்கு ஈடாக ஓர் எண்ணைக் குறிக்கின்றன. ஒளியோ தொடர்ச்சியானது, எண்ணோ படிப்படியானது. இரண்டு படிகளுக்கு நடுவே விழுந்த ஒளி, மேற்படிக்கோ கீழ்ப்படிக்கோ தள்ளப்படும். அப்படியானால் எத்தனை படிகள் வேண்டும்?

இவ்வினா நமக்குப் புதியதன்று. ஒலியும் தொடர்ச்சியானதே. அதனை நம் இலக்கணகாரர் மாத்திரையால் அளந்தார்கள். குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு, மெய்க்கு அரை, மகரக்குறுக்கத்துக்குக் கால். காலுக்குக் கீழே அவர்கள் போகவில்லை. போக முடியாமையால் அன்று. செய்யுளைக் கேட்கும் செவிக்கு அதற்கு மேல் தேவைப்படாமையால். அளவை எங்கே நிறுத்துவது என்பதைப் பயன்தான் தீர்மானிக்கிறது. இதனை மனத்திலே வைத்துக்கொண்டு மேலே செல்வோம்.

கமராக்காரரும் கணினிக்காரரும் பேசும் 'பிற்று' என்பதை என் மாணவர்க்கு நான் கீழ்வாயிலக்கத்தைக் கொண்டே விளக்குவது வழக்கம். பிற்று என்பது ஆம், இல்லை என்னும் இரண்டிலே ஒரு விடை. முதல் வினா: ஒளி பாதிக்கு மேலா, கீழா? ஒரு பிற்றிலே அது தீரும். படமும் வெறும் கறுப்பும் வெறும் வெள்ளையுமாக நிற்கும். அடுத்த வினா: கிடைத்த அரையிலே மேலா, கீழா? இப்போது படி கால் ஆகிறது. மூன்றாம் வினாவிலே அரைக்கால். நான்காவதிலே வீசம். இவ்வாறு ஒவ்வொரு பிற்றும் படியைப் பாதியாக்கிக்கொண்டே போகும். எட்டு வினா முடிந்தால் 256 படிகள், பன்னிரண்டு முடிந்தால் 4,096, பதினான்கில் 16,384, பதினாறில் 65,536. நம் முன்னோரின் முந்திரி 320இல் ஒரு பங்கு. ஆகவே நெல்லளந்த கணக்கப்பிள்ளையின் நுட்பம் எட்டுப் பிற்றுப் படத்தின் நுட்பத்தைவிடச் சற்றே கூடியது! கீழ்முந்திரியோ 102,400இல் ஒரு பங்கு. பதினாறு பிற்றும் அதன் அருகே வந்து நின்றுவிடும். இதைச் சொன்னால் மாணவர் சிரிப்பார்கள்; ஆனால் பிறகு மறப்பதில்லை.

பார்ப்பதற்கு மாத்திரமாயின் எட்டுப் பிற்றே போதும். ஏறத்தாழ நூற்றில் ஒரு பங்கு ஒளி வேறுபாட்டைத்தான் நம் கண் பிரித்தறியும் என்பர். 256 படிகளையும் கண்ணின் இயல்புக்கு ஏற்ப ஒழுங்காகப் பங்கிட்டுவிட்டால் படியேற்றம் கண்ணுக்குத் தெரியாது. இன்னும் சொல்வதானால், நீங்கள் கையிலே வைத்திருக்கும் இந்த வாரப் பக்கத்துப் படத்தை உருப்பெருக்கிக் கண்ணாடியால் பாருங்கள். அங்கே சாம்பலே இல்லை. கறுத்த மையின் பொட்டுகளும் வெள்ளைத் தாளுமே உள்ளன. பொட்டு பருத்த இடம் இருளாகவும் சிறுத்த இடம் ஒளியாகவும் தோன்றுகின்றன. 1880இலே நியூயோர்க்கின் நாளிதழொன்று சேரிக் குடிசைகளின் நிழற்படமொன்றை இம்முறையால் அச்சிட்டது முதல் இன்றுவரை, உலகத்துப் பத்திரிகைகள் ஒரு பிற்று மையைக் கொண்டே ஆயிரஞ் சாம்பலைக் காட்டி வருகின்றன. கண்ணை ஏமாற்றுவது எளிது.

அப்படியானால் பதினான்கும் பதினாறும் எதற்கு? பார்க்கும் படத்துக்கு அன்று. படத்தின்மேல் வேலை செய்வதற்கு. இதனைப் பிலிமத்தலாவையிலிருந்து தெற்கே பிரியும் வீதிதான் எனக்குத் தெளிவாகக் காட்டியது.

அவ்வீதியின் இருமருங்கும் பித்தளை வேலை செய்யும் ஊர்கள். குத்துவிளக்கும் தாம்பாளமும் கடை வாயிலிலே வெயிலிற் பளபளக்கும். சிறிது தூரத்திலே கடலாதெனிய விகாரை. 1344இலே கணேஸ்வராசாரி என்னும் தென்னாட்டுச் சிற்பியின் தலைமையிலே கல்லாலே எடுக்கப்பட்டது. அப்பால் அதே ஆண்டைச் சேர்ந்த லங்காதிலக விகாரை. அதற்கும் அப்பால் மரத்தூண்களுக்குப் பேர்போன எம்பக்க தேவாலயம். கம்பளை அரசு நிலவிய காலத்தின் மூன்று செல்வங்கள் ஒரு முற்பகல் நடைத் தூரத்துள் அடங்குகின்றன. இவற்றுள் தமிழ் மாணவன் முதலிலே காணவேண்டியது லங்காதிலகத்துப் பாறை. அங்கே சிங்களத்திலும் தமிழிலும் சாசனம் பொறிக்கப்பட்டுள்ளது. மலைநாட்டின் நடுவிலே, ஒரு பௌத்த விகாரையின் பாறையிலே, அறுநூற்றெண்பது ஆண்டுகளாகத் தமிழ் எழுத்து மழையில் நனைந்துகொண்டு நிற்கிறது என்றால், அதைப் பார்த்து வருவது ஒரு பாடமே அன்றோ.

இலங்கைத் தமிழ்ச் சாசனங்களைத் தொகுத்து ஆராய்ந்த பேராசிரியர் சி. பத்மநாதன் போன்றோரின் உழைப்பாலே இத்தகைய சாசனங்களை நாம் இன்று நூலிலே படிக்கிறோம். ஆனால் நூலிற் படிப்பது வேறு. கல்லிற் படிப்பது வேறு. என் மாணவர் பலமுறை தம் கைப்பேசியால் அப்பாறையைப் படமெடுத்து வந்து காட்டினர். உச்சிவேளையிலே எடுத்த படத்தில் பாறை முழுவதும் ஒரே சாம்பல். வெட்டின் ஆழம் சிறிது. வெயில் நேரே விழுகிறது. எழுத்துக்கு நிழல் இல்லை. காலையிலோ மாலையிலோ ஒளி சாய்ந்து விழும்போதுதான் வெட்டின் ஒரு கரை இருண்டு மறு கரை வெளுக்கும். அப்போதும் அவ்விருளும் வெளுப்பும் மிகச் சிறிதளவே வேறுபடும். எட்டுப் பிற்றுப் படமொன்றிலே கல்லின் சாம்பல் முழுவதும் 90ஆம் படிக்கும் 130ஆம் படிக்கும் இடையே அடங்கிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். எழுத்தைக் காண வேண்டுமாயின் இந்த நாற்பது படிகளையும் இழுத்து 256 இடங்களிலே பரப்பவேண்டும். பரப்பினால் என்ன ஆகும்? ஒவ்வொரு படிக்கும் அடுத்த படிக்கும் நடுவே ஐந்தாறு இடம் வெறுமையாகும். கணினி வரைந்து காட்டும் வலையுருவரையம் பல்லுதிர்ந்த சீப்புப் போலத் தோன்றும். வழவழப்பாகச் சரிந்த கல்லின் பரப்பு, மலைச்சரிவிலே வெட்டிய வயல்களைப்போல வரம்பு வரம்பாகப் பிளவுபடும். வானத்தைப் படமெடுத்து அதன் மங்கலை அழுத்திப் பாருங்கள். அங்கும் இவ்வரம்புகள் எழும். கல்வெட்டிலோ இது வெறும் அழகுக்குறை அன்று. இல்லாத கோடு ஒன்று தோன்றுகிறது. உள்ள கோடு ஒன்று வரம்பினுள் மறைகிறது. இரண்டும் எழுத்தின் வடிவையே மாற்றும்.

அதே ஒளியை, கமரா தான் கண்டபடியே திருத்தாமல் எழுதும் 'றோ' கோப்பிலே பதிந்தால், அந்த நாற்பது படிகளின் இடத்திலே பன்னிரண்டு பிற்றுக் கமராவிலே ஏறத்தாழ ஐந்நூறு படிகளும், பதினான்கு பிற்றுக் கமராவிலே ஏறத்தாழ இரண்டாயிரமும் கிடைக்கும். இவற்றை எத்தனை இழுத்தாலும் வரம்பு தோன்றாது. இவ்வளவே இரகசியம்.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. வாசகர் சற்றுப் பொறுத்தருள வேண்டும். கமராவின் உணரி ஒளியை நேர்விகிதமாக எண்ணுகிறது. ஒளி இருமடங்கானால் எண்ணும் இருமடங்கு. இதனால் 4,096 படிகளுள் மிகப் பிரகாசமான பகுதி ஒன்றே 2,048ஐ எடுத்துக்கொள்ளும். வாரத்துக்கு நிலம் விட்டவர் விளைச்சலிலே பாதியை எடுத்துச் செல்வது போன்றது இது. அதனிற் பாதி ஒளியுடைய அடுத்த பகுதிக்கு 1,024, அடுத்ததற்கு 512. இவ்வாறு ஆறாம் இருட்பகுதிக்கு வரும்போது 64 படிகளே மிஞ்சும். பதினான்கு பிற்றாயின் அதே இருளிலே 256 இருக்கும். நாம் தேடும் எழுத்து வெட்டின் நிழலிலேதானே ஒளிந்திருக்கிறது! ஆகவே படமெடுப்பவர், வெளிச்சமான இடம் எரிந்து வெறும் வெள்ளையாகாத எல்லைவரை ஒளியைக் கூட்டியே பதிதல் வேண்டும். பித்தளைக் கடையிலே இதைச் சோதிக்கலாம். குத்துவிளக்கின் மினுக்கம் ஒருமுறை எரிந்துவிட்டதாயின் எத்தனை பிற்று இருந்தும் அதை மீட்க வழியில்லை. அங்கே பதிந்தது 'நிறைந்துவிட்டது' என்னும் ஒரே செய்தி.

பிற்றின் எண்ணிக்கையை மட்டும் காட்டிக் கமரா விற்போரின் பேச்சை நான் அப்படியே ஒப்புக்கொள்வதில்லை. உணரியிலே எழும் மின் இரைச்சல் ஒரு படியின் அளவைவிடப் பெரியதாயின், கடைசிப் பிற்றுகள் வெறும் இரைச்சலைத்தான் எண்ணுகின்றன. தொண்டை கட்டிய புலவரிடம் கால் மாத்திரை தேடுவது போலாகும் அது. இன்னொரு விந்தையும் உண்டு. சிறிது இரைச்சல் வரம்புகளை மறைக்கும். படிகளின் விளிம்பைக் கலைத்துக் கண்ணுக்குத் தொடர்ச்சியாகக் காட்டும். பழைய படச்சுருளின் மணிமணியான தன்மை நமக்கு இனிமையாகப் படுவதன் காரணங்களுள் இதுவும் ஒன்றாகலாம்.

நிறத்தைப் பற்றியும் ஒரு சொல். பெரும்பாலான கமராக்கள் கறுப்பு வெள்ளையாகக் காண்பதே இல்லை. 1976இலே கொடாக் நிறுவனத்துப் பிரைஸ் பேயர் உரிமம் பெற்ற முறைப்படி, கட்டங்களின் மேல் சிவப்பு, பச்சை, நீல வடிகளைப் பதித்து, நிறத்தை வாங்கிப் பின்னரே சாம்பலாக்குகின்றன. அவ்வாறு ஆக்கும்போது பச்சைக்கு அதிகப் பங்கு தருவது வழக்கம். மனிதக் கண் அதற்கே மிகவும் இசைவதால். வடியே இல்லாத கறுப்பு வெள்ளைக் கமராவை 2012இலே லைக்கா நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்தது. ஆனால் பாறையைப் படிக்க நிறக் கமராவே எனக்கு உவப்பு. வெட்டினுள்ளே பாசி படர்ந்திருந்தால், சிவப்பின் பங்கைக் கூட்டிச் சாம்பலாக்குக. பச்சைப் பாசி கறுத்து, எழுத்து மை பூசியதுபோல எழும். பழைய ஆய்வாளர் ஈரத்தாளைக் கல்லில் ஒற்றி மைப்படி எடுத்தபோது செய்ததும் ஏறத்தாழ இதுவே.

இனி ஒரு பிற்றுக்கு வருகிறேன். என் கோபம் எல்லாம் அதன் மேலேதான். நம் பாடசாலைகளிலும் கடைகளிலும் உள்ள வருடியிலே 'எழுத்து' என்றொரு தெரிவு உண்டு. அச்சுத் தாளை அதிலே வைத்தால் கோப்பு சிறிதாகும். பார்வைக்குத் துப்புரவாக இருக்கும். அங்கே நிகழ்வது யாது? ஒவ்வொரு கட்டத்தையும் நோக்கி 'நீ மையா, தாளா' என்று இயந்திரம் கேட்டு, இடைப்பட்டதை எல்லாம் ஒரு பக்கம் தள்ளிவிடுகிறது. மங்கிய மை தாளாகும். பழுப்பேறிய கறை மையாகும். கறுத்த பின்னணியிலே வைத்த ஏட்டின் பூச்சித்துளை புள்ளியாகும். தமிழிலே புள்ளி எத்தகையது என்பதை ஆசிரியர்க்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 'தன் கைகள்' என்றிருந்த இடத்திலே புள்ளி மங்கி மறைந்தால் 'தன கைகள்' ஆகிறது. பிழையாயின் கண்டுபிடிக்கலாம்; இதுவோ ஆறாம் வேற்றுமைப் பன்மையுருபு ஏற்ற செப்பமான வழக்கு! படிப்பவர் ஐயுறவே மாட்டார். பாட வேறுபாடு என்று அடிக்குறிப்பு எழுதுவார். சாம்பல் இருந்திருந்தால், அங்கே மங்கிய பொட்டொன்று நின்று தன் கதையைச் சொல்லியிருக்கும். எது எழுத்து, எது கறை என்று தீர்ப்பது பதிப்பாசிரியனின் தொழில். உ. வே. சாமிநாதையர் அவர்கள் ஓர் இடத்தைத் தெளிய எத்தனை ஏடுகளை ஒப்பு நோக்கினார்கள்! அந்தத் தீர்ப்பை ஒரு விசைக்கு ஒப்படைத்துவிட்டு, மூல ஏட்டை எறிந்தும் விடுகிறோம்.

சிக்கனம் என்பார்கள். கணக்குப் பார்ப்போம். வழக்கமான ஏ4 தாள் ஒன்றை அங்குலத்துக்கு 300 புள்ளியிலே வருடினால் ஏறத்தாழ 87 இலட்சம் கட்டங்கள். சுருக்காமல் வைத்தால் ஒரு பிற்றிலே ஒரு மெகாபைற்று; எட்டிலே எட்டே முக்கால்; பதினாறிலே பதினேழரை. சேமிப்புத் தட்டு பொன்விலை விற்ற காலத்திலே இவ்வேறுபாடு பெரிது. இன்று பல்லாயிரம் பக்கங்களைச் சட்டைப்பையிலே எடுத்துச் செல்லலாம். சாம்பலிலே எடுத்துவைத்ததை எப்போது வேண்டுமானாலும் ஒரு பிற்றாக்கலாம். ஒரு பிற்றிலிருந்து சாம்பலுக்குத் திரும்ப வழியில்லை. 1981இலே யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்ததைக் கண்ட இனத்தார் நாம். 2005 முதல் நூலகம் நிறுவனத்தார் இலங்கைத் தமிழ் நூல்களையும் இதழ்களையும் ஆவணங்களையும் இலக்கமுறையிலே சேர்த்து வருவதன் அருமையும் நமக்குத் தெரியும். அவர்களுக்கு நாம் அனுப்பும் படி எத்தகையது என்பதை அனுப்புவோராகிய நாமே பார்த்துக்கொள்ள வேண்டும்.

அயலிலே ஒரு தோட்டப் பாடசாலை. அதன் பழைய குழுப்படம் ஒன்று, 1950களிலே எடுத்தது, தலைமையாசிரியரின் அறையிலே தொங்கியது. விழா மலருக்காக அதனை ஒரு கடையிலே கொடுத்துப் படியெடுத்தனர். கடைக்காரர் எட்டுப் பிற்றிலே வருடி, கணினி தானாகச் செய்யும் 'தெளிவு' விசையையும் அழுத்தி, ஜேபெக் கோப்பாக்கிக் கொடுத்தார். மாணவரின் வெள்ளைச் சட்டைகள் பளிச்சென்று இருந்தன. மாமரத்தின் கீழே நின்ற பின்வரிசை மாத்திரம் ஒரே கறுப்பு. முகம் இல்லை. குற்றம் எட்டின் மேல் மட்டும் அன்று; இருளை இன்னும் இருளாக்கிய விசையின் மேல் பெரும்பகுதி. ஆயினும் அந்தக் கோப்பை எத்தனை வெளுப்பித்தும் கறுப்பு சாம்பற் பாளமாயிற்றே அன்றி முகமாகவில்லை. அங்கே படிகளே மிஞ்சவில்லை.

நல்லவேளையாக மூலப்படம் சட்டத்தினுள்ளே இருந்தது. அதனைக் கல்லூரி வருடியிலே, தானியங்கும் திருத்தம் யாவும் நிறுத்தி, பதினாறு பிற்றிலே டிஃப் கோப்பாக என் மாணவர் எடுத்தனர். கண்ணுக்கு அந்தப் படம் முதலிலே சோர்ந்தும் வெளிறியும் தோன்றியது. கடைப்படமே அழகு என்று ஒருவன் சொன்னான். பிறகு இருட்பகுதியை மட்டும் மெல்ல உயர்த்தினார்கள். மாமரத்தின் அடிமரம் வந்தது. ஒரு நெற்றி வந்தது. ஒரு திருநீற்றுக் கீற்று வந்தது. பின்வரிசையிலே ஐந்து பேர் நின்றிருந்தனர்.

மலரை அச்சிடுமுன் அப்படத்தைப் பெரிதாக்கித் தோட்டத்து முதியோரிடம் காட்டினோம். எண்பதைக் கடந்த அம்மையார் ஒருவர் கண்ணாடியை மாற்றி மாற்றிப் பார்த்து, நான்கு பேரைப் பெயர் சொல்லிக் காட்டினார். அவர்களுள் ஒருவர் அவருடைய தமையனார். குடும்பத்தோடு இந்தியாவுக்குக் கப்பலேறிப் போனவர். அவருடைய படம் வேறொன்றும் அவர் வீட்டிலே இல்லையாம். இடக்கோடியிலே, மரத்தை ஒட்டி, தலையைச் சற்றே சாய்த்து நிற்கும் ஐந்தாம் சிறுவனை அவருக்கும் தெரியவில்லை. பெயர் எழுதும் இடத்தை வெறுமையாக விட்டே மலரை அச்சுக்குக் கொடுத்திருக்கிறோம்.